குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க எந்தச் சரித்திரப் படங்கள், தொடர்கள்?

சேலத்து அம்மா எழுதியது:

காலாண்டு விடுமுறை வருகிறது. இந்த முறை வீட்டில் எல்லோரும் சேர்ந்து சரித்திரப் படங்களாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். யோசனை என் மகனுடையது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். பாளையக்காரர் பாடம் நடந்துகொண்டிருப்பதால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். மகள் நான்காம் வகுப்பு. அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கும். திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கத்தான் கண் ஒத்துழைப்பதில்லை. என் கணவருக்குப் போர்க்காட்சி வேண்டும். எனக்கோ, பார்த்ததில் எது நடந்தது, எது கதை என்று தெரிய வேண்டும்.

இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு படம் அமைவது எளிதாக இல்லை. போன விடுமுறையில், ராஜா காலத்துப் படம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போட்டோம். சற்று நேரத்திலேயே தலைகள் உருண்டன. மகள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அத்தையும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். மீதிப் படத்தை ஆண்கள் இருவரும்தான் பார்த்தார்கள்.

தமிழில் இருந்தால் நல்லது. தொடராக இருந்தாலும் சரி. எந்தக் காட்சியில் கவனம் தேவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தெற்குச்சீமை எழுதியது:

பையன் பாளையக்காரர் பாடம் படிக்கிறான் என்றால் யோசிக்கவே வேண்டாம் அம்மா. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போடுங்கள். 1959இல் பி.ஆர்.பந்துலு இயக்கியது. இந்தப் படத்துக்காகத்தான் 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2015இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுபடியும் வெளியிட்டார்கள், அதனால் வண்ணம் மங்காத பிரதியே கிடைக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தூக்குமேடைக் காட்சி இருக்கிறது. ரத்தம் தெறிக்காது, ஆனாலும் சின்னவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பாடத்தைத் திறப்பதற்கு முன்பே ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் என்ன பேசினார் என்பதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அது சக்தி டி.கே.கிருஷ்ணசாமியின் வசனம், அதன் கம்பீரத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்தது வேறு வகையான காட்சி. கலெக்டர் ஜாக்சன், நேரில் வரும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவு அனுப்புகிறார். கட்டபொம்மன் குற்றாலம் போகிறார், அங்கே பேட்டி இல்லை. அங்கிருந்து ஊர் ஊராகக் கலெக்டரின் பின்னால் அலையவிடப்படுகிறார். 23 நாள், 400 மைல் என்கிறது பாடப்புத்தகம். கடைசியில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைக்கிறது. அங்கும் உட்கார இடமில்லை, மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்படுகிறார். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார். கட்டபொம்மன் தப்பிவிடுகிறார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார்.

வீட்டில் பேச வேண்டிய விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. படத்தில் கட்டபொம்மன் வரி கட்ட முடியாது என்று சொல்லும் வீரர். பாடப்புத்தகத்தைப் புரட்டினால், அவர் நிலுவையில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார், 1080 பகோடா (அன்றைய பொன் நாணயம்) மட்டும்தான் பாக்கி என்று இருக்கிறது. அப்படியானால் சண்டை எதற்கு மூண்டது? கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த விசாரணைக் குழுவே ஜாக்சன்மீது குற்றம் கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு லூஷிங்டன் அந்த இடத்துக்கு வந்தார். பிறகும் ஏன் 1799இல் கம்பெனியின் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார், ஏன் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் பார்க்கும்படி தூக்கிலிட்டார்கள்? கூட்டி வைத்துப் பார்க்கச் செய்தது யாருக்குப் பாடம் புகட்ட? இவற்றைப் பையன் கேட்கத் தொடங்கினால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

ஆகவே என் முறை இதுதான். படத்தை முதலில் முழுதாக ரசித்துப் பார்க்க வேண்டும். இடையில் நிறுத்தி விளக்கம் சொல்லக் கூடாது. மறுநாள் பாடப்புத்தகத்தின் அந்த இரண்டு பக்கங்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சரித்திரப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க ஓர் ஆவணமோ, போய்ப் பார்க்க ஓர் இடமோ உண்டா என்பதைத்தான். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை இருக்கிறது. கயத்தாற்றில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியவர் சிவாஜியேதான்.

எட்டயபுரத்து மருமகள் எழுதியது:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போடும்போது எங்கள் ஊரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை மாற்றலாகி வெளியூர் போனபோது என் மகனை அங்கே பள்ளியில் சேர்த்தோம். சொந்த ஊர் எட்டயபுரம் என்று அவன் சொன்ன நாளிலிருந்து வகுப்பில் அவன் பெயரே போய்விட்டது, எட்டப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியர் காதில் விழுந்தும் அவர் கண்டிக்கவில்லை. பிள்ளை ஒருநாள் அழுதுகொண்டே வந்து, "நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் காட்டிக்கொடுத்தவர்களா அம்மா?" என்று கேட்டான்.

எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு வெகுநாளாகவே இருந்தது. ஆனால் தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். படம் பார்த்த எத்தனை பேருக்கு இது தெரியும்? வி.கே.ராமசாமி எட்டப்பனாக நடித்த நடிப்பு மனத்தில் பதிந்துவிட்டது, புதுக்கோட்டை மறந்துவிட்டது. அதே எட்டயபுரத்தில்தான் 1882இல் பாரதியார் பிறந்தார். பாரதி என்ற பட்டமும் அந்த ஊர் அவையில் கிடைத்ததுதான். ஒரு வசனத்தில் ஓர் ஊரையே கட்டிப்போடுவது எவ்வளவு எளிது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தெற்குச்சீமை எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியதை என் வகுப்பில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். பாளையக்காரர்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதவைத்தாலே போதும். ஒருவர் இருவர் அல்ல, பல பாளையங்கள் கம்பெனியோடு நின்றிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பக்கத்துப் பாளையத்தோடு ஒரு பழைய பகை இருந்தது, அதைக் கம்பெனி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒற்றை வில்லன் இருந்தால்தான் திரைக்கதை நடக்கும். சீமையில் அப்படி நடக்கவில்லை.

அதே 1959இல் வந்த இன்னொரு படம் 'சிவகங்கைச் சீமை'. கண்ணதாசன் தயாரித்தது, மருது சகோதரர்களின் கதை. கட்டபொம்மன் படத்தின் ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பக்கத்துக் கதைதான். 1801 ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட திருச்சிப் பிரகடனம் எல்லாச் சாதியாரையும் சேர்ந்து எழச் சொல்கிறது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், போராட்டம் ஒரு பாளையத்தோடு முடியவில்லை என்பது பையனுக்குப் புரிந்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோரும் கருப்பு வெள்ளைக் காலத்திலேயே நிற்கிறீர்கள் (கட்டபொம்மன் வண்ணப் படம் என்பது தெரியும், கோபிக்க வேண்டாம்). கணவர் போர்க்காட்சி கேட்கிறார், அவரையும் கவனிக்க வேண்டாமா? 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களும் குடும்பத்துக்கு ஏற்றவைதான். 2022இல் ஒன்று, 2023இல் ஒன்று. சண்டை உண்டு, ஆனால் உடலைப் பிளந்து காட்டி ரசிக்கும் வேலை இல்லை. கதாபாத்திரங்கள் அதிகம். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வம்சாவளியைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் சின்னவளும் தொடர்ந்து வருவாள். அத்தை கல்கியைத் தொடராகவோ நூலாகவோ படித்தவராக இருந்தால் எங்கெங்கே கதை மாறியிருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லை என்பதை எங்கள் வீட்டுப் பெரியம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

தெற்குச்சீமை ஐயா கேட்ட ஆவணமும் இதற்கு உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் சொத்தும் உறவினர்களின் சொத்தும் பறிக்கப்படுவதைப் பற்றியது. கொலையை ஏன் செய்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அந்த ஒற்றை மௌனத்துக்குள் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து வைத்தார். நந்தினி முழுக்க முழுக்க அவருடைய படைப்பு. என் மகள் அதை நம்ப மறுத்தாள். ஐஸ்வர்யா ராயைத் திரையில் பார்த்த பிறகு, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று யார் சொன்னாலும் ஏற்பது கடினம்தான். நான் அவளைக் கோயிலுக்கே அழைத்துப்போனேன். எழுத்தைத் தடவித் தடவி 'ரவிதாசன்' எங்கே இருக்கிறது என்று தேடினாள். பழைய எழுத்து அவளுக்குப் படிக்க வரவில்லை, அங்கிருந்த ஒரு பெரியவர்தான் வரியைக் காட்டினார். அதன்பிறகு வீட்டில் எந்தச் சரித்திரப் படம் ஓடினாலும், இது கல்லில் இருக்கிறதா, கல்கியில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

கோவைச் செவிலி எழுதியது:

தலைகள் உருண்ட படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தணிக்கைச் சான்றிதழைப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. முன்பு யு, யு/ஏ, ஏ என்றுதான் இருந்தது. 2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்களிலும் 2021 முதல் இதே வயதுப் பிரிவு உண்டு, ஆனால் அங்கே தளங்களே தங்களுக்குப் போட்டுக்கொள்வது. படம் தொடங்கும்போது மூலையில் வயதும் காரணமும் வரும், நிறுத்திப் படியுங்கள். 13 வயதுக்கு மேற்பட்டவற்றுக்குப் பூட்டு வசதியும் இருக்கிறது.

நல்ல படங்கள்தான், ஆனால் நான்காம் வகுப்புப் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்று நான் சொல்பவை: 'பரதேசி', 'ஹே ராம்', 'யாத்திசை', 'தங்கலான்'. பரதேசியைப் பையன் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோன கதை. பி.எச்.டேனியல் என்ற மருத்துவர் எழுதிய நாவலின் தாக்கத்தில் உருவானது, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கிடைக்கிறது. வால்பாறைப் பக்கம் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் வயதான தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொன்னது அந்த நாவலை அப்படியே ஒத்திருந்தது. யாத்திசையில் பழந்தமிழ் போன்ற பேச்சை உருவாக்கி, அடியில் இன்றைய தமிழை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். துணிச்சலான முயற்சி, ஆனால் உங்கள் அத்தைக்குச் சிரமம்.

அதற்காக வலியே இல்லாத படமாகத் தேடாதீர்கள். குழந்தைக்குக் கேடு செய்வது வலி அல்ல, வலியைக் கொண்டாட்டமாகக் காட்டுவது. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் வ.உ.சி. சிறையில் செக்கிழுக்கும் காட்சி வருகிறது. சிவாஜியின் தோளையும் மூச்சையும் மட்டும் வைத்தே எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். என் இளைய மகன் அந்தக் காட்சியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான், ஆனால் எழுந்து போகவில்லை. அடுத்த முறை சென்னை போனபோது கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கும் அந்தச் செக்கைக் காட்டினோம். சுற்றிச் சுற்றி வந்து, மாடு இழுக்கும் இடத்தில் போய் நின்று பார்த்தான். கோவைச் சிறை எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை, அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது நிமிர்ந்து பார்க்கிறான்.

ஷார்ஜா அப்பா எழுதியது:

தொடர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஷியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள். நேருவின் 'கண்டுணர்ந்த இந்தியா'வை அடிப்படையாகக் கொண்டு 1988இல் தூர்தர்ஷனில் வந்தது. அதில் சிலப்பதிகாரமும் சோழர்களும் உண்டு. வடக்கிலிருந்து ஒருவர் கண்ணகியை எப்படிப் பார்க்கிறார் என்பதே தனி அனுபவம். இந்தி என்பதுதான் சிக்கல். நான் ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி என் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். முதலில் பிள்ளைகள் முனகினார்கள். போகப் போக, நிறுத்தும் இடத்தில்தான் எல்லோரும் பேசத் தொடங்கினோம்.

பெனகலே 2014இல் எடுத்த 'சம்விதான்' பத்துப் பகுதிகள்தான். நம் அரசியலமைப்புச் சட்டம் உருவான கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, ஆட்கள் எழுந்து நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். என் மூத்த மகள் அதைப் போல எதையும் ஆவலாகப் பார்த்ததில்லை. 1946 டிசம்பர் 9 அன்று கூடிய சபை, 1949 நவம்பர் 26 அன்று சட்டத்தை ஏற்கும் வரை ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சபையில் பெண்கள் 15 பேர். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் அம்மு சுவாமிநாதனும், துர்காபாயும், தாக்ஷாயணி வேலாயுதனும் இருந்தார்கள். சபை விவாதங்கள் முழுவதும் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. பார்த்த காட்சியை எடுத்து வைத்து அசலோடு ஒப்பிடலாம். ஐயா சொன்ன முறைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

மலைக்கோட்டை எழுதியது:

எனக்கு இந்த ஒப்பிடும் வேலையில் முழு உடன்பாடு இல்லை. வாரம் முழுவதும் பள்ளியிலும் டியூஷனிலும் கிடந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க உட்காரும்போது, மறுநாள் பாடப்புத்தகம் வாசிக்க வேண்டும் என்றால் அடுத்த வாரம் அது வராது. என் அப்பா எதையும் விளக்கியதில்லை. படத்துக்கு அழைத்துப்போவார், திரும்பும் வழியில் முறுக்கு வாங்கிக் கொடுப்பார். சரித்திர ஆசை எனக்குள் அப்படித்தான் வந்தது. '23-ஆம் புலிகேசி'யைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, பாளையக்காரரில் கோழையும் இருந்திருப்பான் என்று தானாகவே புரிந்துகொள்கிறது. 'மதராசப்பட்டினம்' காதல் கதைதான், ஆனால் 1947இல் சென்னையில் டிராம் ஓடியதை அதைப் பார்த்துத்தான் என் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். 1953இல் டிராம் நின்றுபோனதை அவர்களே தேடிப் படித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெற்குச்சீமை எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டாயப்படுத்தினால் கசந்துவிடும். கற்பனை என்று தன்னை அறிவித்துக்கொண்ட படத்தை அப்படியே விட்டுவிடலாம். புலிகேசியை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தில் அல்லூரி சீதாராம ராஜுவும் கொமரம் பீமும் நண்பர்களாக வருகிறார்கள். நிஜத்தில் சந்தித்ததாகவே செய்தி இல்லை, எடுத்தவர்களும் அதைக் கற்பனை என்றே சொல்லிவிட்டார்கள். என் கவலை வேறு. உண்மை மனிதரின் பெயரைப் போட்டு, உண்மை ஆண்டைப் போட்டு, கூடவே பாத்திரங்களைக் கற்பனையாகச் சேர்க்கும் படங்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அங்கே பிள்ளைக்கு எல்லை தெரியாது, பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

ஷார்ஜா அப்பா எழுதியது:

சரியான உதாரணம் 'ராக்கெட் பாய்ஸ்'. ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் கதை. அருமையாக எடுத்திருக்கிறார்கள், பெரிய பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதில் பாபாவுக்குப் போட்டியாக வரும் ராஸா மெஹ்தி என்ற விஞ்ஞானி கற்பனை. பக்கத்தில் வரும் எல்லோரும் உண்மை மனிதர்களாக இருக்கும்போது, அவர் மட்டும் இல்லாதவர் என்று எப்படித் தெரியும்?

'ராக்கெட்ரி'யும் அப்படித்தான். மாதவன் இயக்கி நடித்தது, தமிழிலேயே இருக்கிறது, அத்தைக்கு மொழிச் சிக்கல் இல்லை. நம்பி நாராயணன் 1994இல் பொய் வழக்கில் கைதானதும், உச்ச நீதிமன்றம் 2018இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னதும் வரலாறு. சித்திரவதைக் காட்சி உண்டு, சின்னவளுக்கு வேண்டாம். ராக்கெட் துறையில் அவருடைய பங்களிப்பைப் படம் காட்டும் விதத்தை அவரோடு இஸ்ரோவில் பணியாற்றிய முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் வெளிப்படையாக மறுத்தார்கள். அநீதி இழைக்கப்பட்டது உண்மை, அதற்காகப் படத்தில் வரும் எல்லாப் பெருமையும் உண்மையாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வேறு நல்ல வழி கிடைத்திருக்காது.

சேலத்து அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டபொம்மன் பார்த்துவிட்டோம். இரண்டு மாலையாகப் பிரித்துக்கொண்டோம்.

அத்தை இந்தப் படத்தைச் சிறுமியாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இது எங்கள் யாருக்கும் தெரியாது. ஜாக்சன் காட்சி வந்தபோது அத்தையின் உதடு வசனத்தோடு சேர்ந்து அசைந்தது. மகள்தான் முதலில் கவனித்தாள். படத்தை விட்டுவிட்டுப் பாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் அழும் இடத்தில் அத்தையும் அழுதார்கள். தூக்குமேடைக்கு முன்பு மகளிடம் சொன்னேன். "பாட்டி பார்ப்பார்கள் என்றால் நானும் பார்க்கிறேன்" என்று அவர்கள் மடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பாடப்புத்தகத்தை நான் எடுக்கவில்லை, மலைக்கோட்டை அண்ணன் சொன்னது மனத்தில் இருந்தது. மகனே எடுத்து வந்தான். 1080 பகோடாவைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் வசனம் பொய்யா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டான். எனக்கு முன்பே அத்தை பதில் சொன்னார்கள். "கடன் பாக்கியைக் கட்ட வந்தவனை வெயிலில் நிறுத்திவைத்தால் அவன் வாயில் என்ன வரும்? அவர் அன்று சொல்லாமல் விழுங்கியதைச் சிவாஜி சொல்லிவிட்டார்." அதற்குமேல் அவன் கேட்கவில்லை. நாட்டுப்புறத்தில் கந்துவட்டிக்காரர் வாசலில் தாத்தாவை நிற்கவைத்த கதையை அத்தை அன்று சொன்னார்கள். என் கணவருக்கே அது புதிது.

எட்டயபுரத்துச் சகோதரி எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். இந்த வாரம் பாரதிக்காக ஞான ராஜசேகரனின் 'பாரதி' பார்க்கலாம் என்கிறான் மகன். அதில் சின்னவளுக்குச் சிரமமான காட்சி ஏதும் இருக்கிறதா?

எட்டயபுரத்து மருமகள் எழுதியது:

தாராளமாகப் பாருங்கள். 2000இல் வந்த படம். மராட்டி நடிகர் சாயாஜி ஷிண்டேவைப் பாரதியாக ஏற்க முடியுமா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினார்கள், தலைப்பாகையோடு அவர் நடக்கத் தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது. வன்முறை இல்லை. வறுமைதான் கனமாக இருக்கும். செல்லம்மாளாகத் தேவயானி. அவரைப் பார்க்கும்போதுதான், கவிஞரின் பெருமைக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்று தோன்றும். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதில்தான் பாரதி இறந்தார் என்று பலரும் நினைக்கிறார்கள். அதிலிருந்து பிழைத்து எழுந்தவர், சில மாதம் கழித்து, 1921 செப்டம்பரில்தான் காலமானார். எங்கள் ஊருக்கு வந்தால் மணிமண்டபத்தைப் பார்க்கலாம். கல்கி பத்திரிகை வழியாகப் பணம் திரட்டிக் கட்டியது, 1947இல் திறந்தார்கள். பொன்னியின் செல்வன் எழுதிய அதே கல்கிதான் என்று காவிரிக்கரையார் மகளிடம் சொல்லுங்கள்.

பட்டமேற்படிப்பு மாணவி எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் ஒன்று அழுகிறார்கள் அல்லது சதி செய்கிறார்கள். நான்காம் வகுப்புப் பெண் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு என்ன நினைப்பாள்? ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாருக்கு, வெள்ளையம்மாளுக்குக் கிடைத்த அளவு திரைப்புகழ்கூட இல்லை.

கோவைச் செவிலி எழுதியது:

உண்மைதான், நம் திரையுலகம் இதில் கடன்பட்டிருக்கிறது. 'ஔவையார்' (1953) உண்டு. கே.பி.சுந்தராம்பாளின் குரலுக்காகவே அத்தை அதை விரும்புவார்கள், யானைகள் வரும் காட்சி சின்னவளுக்குப் பிடிக்கும். ஆனால் அது வரலாறு என்பதைவிடப் பக்திக் கதை.

மொழி தாண்டலாம் என்றால் 'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016) போடுங்கள். நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள் கேத்தரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் ஆகியோரின் கதை. ஒருவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னால் அத்தைக்கும் புரியும். அதில் கேத்தரின் கழிப்பறைக்காக ஒவ்வொரு முறையும் வெகுதூரம் ஓடுகிறார், மேலதிகாரி சுத்தியலால் பெயர்ப்பலகையை உடைக்கிறார். என் மகன்கள் கைதட்டிய காட்சி. ஆனால் கேத்தரின் அப்படி ஓடவில்லை. பலகை இல்லாத கழிப்பறையையே பயன்படுத்திக்கொண்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். அலைந்து அவமானப்பட்டது மேரி ஜாக்சன். 1962இல் ஜான் கிளென் விண்ணுக்குப் போகும் முன், கணினி போட்ட கணக்கைக் கேத்தரின் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டது மட்டும் அப்படியே நடந்தது.

காவிரிக்கரை எழுதியது:

அந்தப் பலகை உடைக்கும் காட்சியைப் பார்த்த அன்றைக்கே என் மகள் கேட்டுவிட்டாள்: "அந்த அம்மாவுக்கு வேண்டிய நியாயத்தை ஏன் அப்பா வேறு ஒருவர் வந்து உடைத்துக் கொடுக்கிறார்?" இதற்கு வீட்டில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தெற்குச்சீமை ஐயா என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தெற்குச்சீமை எழுதியது:

பதிலை அவளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை இங்கே போடுங்கள், நான் படிக்க விரும்புகிறேன். அதுவரைக்கும் அவளுக்கு ஒரு வேலை. மேரி ஜாக்சன் நாசாவில் பொறியாளராவதற்கு வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் மாலை வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கான அனுமதியைப் படத்தில் நீதிமன்றத்தில் வாதாடிப் பெறுகிறார். உண்மையில் யாரிடம் கேட்டுப் பெற்றார் என்று தேடிப் பார்க்கட்டும்.